மயிலாத்தாள் கிள்ளிய கொழுந்து

நாச்சிமுத்து நல்ல பிள்ளைதான், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். வீடு கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம், கேரளத்தில். வேலை அந்தப் பக்கம், கோயமுத்தூரில். காலையில் பொள்ளாச்சி பஸ்ஸில் தொற்றி, அங்கே இன்னொரு பஸ் மாறி, வேர்த்து விறுவிறுத்து ஆபீசுக்குள் நுழைந்தால் ஜில்லென்று இருக்கும். மனுஷருக்காக வைத்த குளிர் இல்லை, கம்ப்யூட்டருக்காக வைத்தது. அலமாரி அலமாரியாக அது ஒரு ஹால் முழுக்க உட்கார்ந்திருக்கும். எழுபத்தெட்டாம் வருஷத்தில் கோயமுத்தூரிலேயே பாதிப் பேருக்கு அது என்ன சாமான் என்று தெரியாது. பஞ்சாலைகளின் சம்பளக் கணக்கையும் சரக்குக் கணக்கையும் அதில் போட்டுக் கொடுப்பது கம்பெனியின் தொழில். எப்படிப் போட வேண்டும் என்று மிஷினுக்குப் புரிகிற மாதிரி புரோகிராம் எழுதுவது நாச்சிமுத்துவின் வேலை.

அந்த வேலையில் அவனுக்கு அப்படி ஒரு கிறுக்கு. கிறுக்கு முற்றினால் என்ன ஆகும்? ஊரானுக்கு எழுதுகிறதை நமக்கே எழுதிக்கொண்டால் என்ன என்று தோன்றும். தோன்றிவிட்டது.

தோன்றினால் போதுமா? மேலே மேனேஜர் ராமபத்ரன் இருந்தார். பாலக்காட்டுக் கல்பாத்தித் தெருக்காரர். மூளையும் அதிகம், கோபமும் அதிகம். "இங்கே சம்பளம் வாங்கிண்டு வெளியிலே இதே தொழில் பண்ணறான்னு தெரிஞ்சுதோ, அன்னிக்கே பெட்டியைக் கட்டிக்கலாம், கேட்டேளா?" என்று அடிக்கடி சொல்வார். சொன்னபடி ஒருத்தனை அனுப்பியும் இருந்தார். அவன் இப்போது உடுமலைப்பேட்டையில் ரேடியோ ரிப்பேர் செய்கிறான். வழியில் பார்த்தால் நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டு போவான், என்னமோ தொற்றிக்கொள்ளும் என்பது போல.

இப்படி இருக்கையில்தான் மூணாறுக்கு மேலே நீலப்பாறை எஸ்டேட்டிலிருந்து பொன்ராஜ் வந்தார். அங்கே ஃபீல்டு ஆபீசர். எந்தப் பெண் எத்தனை கிலோ தேயிலைக் கொழுந்து கிள்ளினாள் என்ற கணக்கைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். ராமபத்ரன் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "இலைக் கணக்கெல்லாம் இங்கே போடறதில்லையாக்கும். மில்லுன்னா வாரும்" என்று அனுப்பிவிட்டார். வாடின முகத்தோடு படியிறங்கின பொன்ராஜை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய் விட்டது யார்? நம்ம நாச்சிமுத்துதான். இரண்டு டீ குடித்து முடிப்பதற்குள் அவனுக்குச் சொந்தத் தொழில் ஆரம்பமாகிவிட்டது. வெளியில் தன்னைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளக் கூடாது என்று பொன்ராஜிடம் அப்போதே சொல்லியும் வைத்தான்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது சீட்டுக் காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தான். சந்தோஷமா பயமா என்று அவனுக்கே தெரியவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே பெண்டாட்டி கமலாத்தாளிடம் கொட்டிவிட்டான்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஏனுங் மாமா, யாரு பேருல?"

நம் பக்கத்தில் இதற்கென்று ஒரு வழி உண்டு. வாத்தியார் மாவு மில் வைப்பார், போர்டில் வாத்தியாரம்மா பேர் இருக்கும். ரெவின்யூ ஆபீசர் லாரி விடுவார், லாரியின் நெற்றியில் சம்சாரத்தின் பேர் இருக்கும். உத்தியோகத்தில் இருப்பவன் கை எப்போதும் சுத்தம், தொழில் நடத்துவதெல்லாம் பெண்டாட்டிமார்தான். ஆக, 'கமலா டேட்டா சர்வீசஸ்', உரிமையாளர் கமலாத்தாள் என்று பதிவாயிற்று. அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னபோது "வெறும் கையெழுத்துத்தான் அம்மிணி, உனக்கு ஒரு வேலையும் இருக்காது" என்றான். பாவம், மனசறிந்து சொன்ன பொய் இல்லை.

முதல் வாரமே வேலை வந்துவிட்டது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு எதைச் சொல்வதானாலும் அட்டையில் ஓட்டை போட்டுத்தான் சொல்ல வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு அட்டை. பொள்ளாச்சியில் டைப்ரைட்டிங் படித்தவள் கமலாத்தாள். யாரோ கழித்துப்போட்ட அட்டை ஓட்டை போடும் மிஷினை வாடகைக்கு எடுத்து, கட்டுத்தரைக்குப் பக்கத்து அறையில் வைத்தார்கள். கட்டுத்தரையில் ஒரே ஒரு மாடு, சாம்பல் பூசின மாதிரி மயிலை நிறத்துப் பசு. பேர் மயிலாத்தாள். மிஷின் தடதடத்த முதல் நாள் அது கயிற்றை அறுத்துக்கொண்டு செக்போஸ்டு வரைக்கும் ஓடிவிட்டது. பத்து நாள் போனதும் மிஷின் ஓடினால்தான் பால் சுரக்கும் என்றாகிவிட்டது.

வெற்று அட்டை எங்கே வாங்குவது? ஆபீசுக்கு வருகிற பெட்டிகளின் மேல் 'பர்வதம் டிரேடர்ஸ், பாலக்காடு' என்று ஒட்டியிருக்கும். நாச்சிமுத்து விலாசத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். உரிமையாளரம்மா தானே பாலக்காடு போய், பேசி, விலை குறைத்து வாங்கிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு வந்ததிலிருந்து எதையோ நினைத்து நினைத்துத் தனியாகச் சிரித்தாள். "என்ன அம்மிணி?" என்றால், "ஒண்ணுமில்லீங் மாமா" என்பாள்.

புரோகிராம் எழுதி முடித்தால், சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு இல்லாத ஆள் ஒருத்தரை உண்டாக்கி, ஒரு அட்டை போட்டு, கட்டின் கடைசியில் சொருகுவார்கள். அந்தப் பேர் காகிதத்தில் அச்சாகி வந்தால் மிஷின் எல்லா அட்டையையும் படித்துவிட்டது என்று அர்த்தம். பார்த்துவிட்டு அந்த அட்டையை உருவிப் போட்டு, மறுபடி ஓட்டுவார்கள். ஆபீசில் ஒருத்தன் தன் மாமனார் பேரைப் போடுவான், இன்னொருத்தன் சினிமாக்காரி பேரைப் போடுவான். நாச்சிமுத்து போடுவது எப்போதும் ஒரே பேர்: மயிலாத்தாள். ஆள் நம்பர் 9999, அளவு 999. கம்பெனியின் எல்லா மில்லிலும் மயிலாத்தாள் ஒரு நாளாவது வேலை பார்த்திருக்கிறாள். "யாருடா இந்த மயிலாத்தாள்?" என்று ராமபத்ரன் ஒரு தடவை கேட்டார். "ஊட்டுல ஒருத்தருங் சார்" என்றான். அவர் அத்தை பாட்டி யாரோ என்று நினைத்துக்கொண்டார்.

ஆபீஸ் மிஷினைத் தொடக் கூடாது என்பதில் நாச்சிமுத்து கண்டிப்பாக இருந்தான். ஒரு பஞ்சாலையில் சொந்தக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை பகலில் வாடகைக்கு விடுவார்கள். புருஷனும் பெண்டாட்டியும் அட்டைகளை டிரங்குப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். செக்போஸ்டில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே பார்த்தால் அத்தனையும் ஓட்டை அட்டை.

"இது என்ன சாதனம்?" என்றார் செக்போஸ்டுக்காரர்.

"கொழுந்து கிள்ளற பொம்பளைங்கங்க. ஒரு எஸ்டேட்டு முழுக்க இதுக்குள்ள இருக்கறாங்க" என்றாள் கமலாத்தாள்.

அவர் அவளையும் பெட்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, சிக்கலில் மாட்ட வேண்டாம் என்று போகச் சொல்லிவிட்டார்.

மில்லில் மிஷின் அட்டைகளை விழுங்கியது. பிரிண்டர் கடகடவென்று அடிக்க ஆரம்பித்தது. முதல் காகிதத்தின் உச்சியில் 'கமலா டேட்டா சர்வீசஸ்' என்று வந்தது பாருங்கள், நாச்சிமுத்துவுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. கமலாத்தாள் தன் பேரை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒரு தப்பு இல்லை! ஒரு கூட்டல் பிசகவில்லை! கடைசியில், எல்லாரையும் விட அதிகமாகக் கிள்ளியவள் யார் என்று தனியாக ஒரு வரி வருகிற மாதிரி எழுதியிருந்தான், அதுவும் அழகாக வந்தது. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் குளிர் ஹாலில் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். வாட்ச்மேன் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனார். ஆட்டம் முடிந்ததும் காகிதக் கட்டை அப்படியே சுற்றி, மூணாறு பஸ்ஸில் பார்சல் போட்டுவிட்டு, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தார்கள்.

அட்டையை உருவவில்லை. மறுபடி ஓட்டவும் இல்லை. இரண்டு பேருக்குமே ஞாபகம் வரவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு விடுமுறை நாளில் பொன்ராஜ் கோபாலபுரத்துக்கே வந்துவிட்டார். கையில் எஸ்டேட் டீத்தூள் பொட்டலம், முகம் நிறையச் சிரிப்பு. அந்த டீத்தூளிலேயே டீ போட்டுக் கொடுத்தாள் கமலாத்தாள்.

"பால் நல்ல கட்டி அண்ணாச்சி" என்றார் பொன்ராஜ். "விசயத்தைச் சொல்லுதேன் கேளுங்க. எங்க எஸ்டேட் மேனேஜர் துரைக்கு ரொம்பத் திருப்தி. இத்தனை நாள் கிளார்க்கு எழுதுன கணக்குல மாசாமாசம் சண்டைதான். இப்ப ஒரு சத்தமில்ல. வாற ஞாயித்துக்கிழமை அதிகமாக் கிள்ளுனவளுக்குப் பரிசு குடுக்காக. ஓனரம்மா கண்டிப்பா வரணும். அன்னைக்கே ஒரு வருசத்துக்கு ஒப்பந்தம் கையெழுத்து. ஆனா ஒண்ணு, துரைக்கு இந்த மிசின் மேல இன்னும் முழு நம்பிக்கையில்ல. ஒரு தப்பு வந்தாலும் பழையபடி கிளார்க்குதான்னு சொல்லிட்டாக."

"தப்பெல்லாம் வராதுங்க!" என்றான் நாச்சிமுத்து நெஞ்சை நிமிர்த்தி.

"அதான் நானும் சொன்னேன். எங்க குருவம்மாதான் வருசாவருசம் முதப் பரிசு. இந்தத் தடவ அவளையே ஒருத்தி தூக்கிச் சாப்பிட்டுட்டாளே! நம்ப முடியுதா? தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது கிலோ! சீசனுக்கு போடி பக்கத்துல இருந்து வந்த டெம்பரவரி ஆளாத்தான் இருக்கும். ஊருக்குத் திரும்பிட்டா போல. சொல்லி அனுப்பிருக்கோம். பேரு என்னது... மயிலாத்தாள்!"

கட்டுத்தரையிலிருந்து "ம்மா" என்று ஒரு சத்தம் வந்தது. தன் பேரைக் கேட்டால் அது குரல் கொடுக்கும்.

கமலாத்தாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். நாச்சிமுத்துவுக்குக் கையிலிருந்த டீ வேட்டியில் கொட்டியது. பொன்ராஜ் போன பிறகு எட்டிப் பார்த்தால், அவள் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சிரிக்காத அம்மிணி! போச்சு, எல்லாம் போச்சு!"

"சொல்லீரலாங் மாமா. தப்பு நம்முளுதுதானே?"

"சொன்னா ஒப்பந்தம் போயிரும். அவ ஊருக்குப் போயிட்டா, வரமாட்டான்னு உட்ரலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

கமலாத்தாளின் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்ப அந்தக் குருவம்மா?" என்று கேட்டாள். அவன் வேட்டியில் கொட்டின டீயைத் துடைக்கப் போய்விட்டான்.

மறுநாள் ஆபீசில் அடுத்த இடி. ராமபத்ரன் கூப்பிட்டு அனுப்பினார். "டேய், அந்த இலை எஸ்டேட்டுக்கு எவளோ கமலாவாம், அவ கணக்குப் போட்டுக் குடுத்திருக்காளாம். சுத்து வட்டார எஸ்டேட்டெல்லாம் அவளைத் தேடறாளாம். நாம வேண்டாம்னு விட்டது தப்பாப் போச்சாக்கும். ஞாயித்துக்கிழமை அங்கே ஏதோ விழாவாம். நீயும் என்னோட வரே. யாரு அந்தக் கமலா, அவளுக்கு எழுதிக் குடுக்கறவன் யாருன்னு பார்த்துடணும்."

நாச்சிமுத்து "சரிங் சார்" என்றான். வேறு என்ன சொல்வது? வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம், "நாளானிக்கு அங்க நீ யாரோ, நான் யாரோ. என்னையத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காத" என்று கெஞ்சினான். "ஆகட்டுங்" என்றாள். அவள் கண்ணில் இருந்த குறும்பைப் பார்க்கிற நிலையில் அவன் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ராமபத்ரன் தன் பியட் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். முன் சீட்டில் நாச்சிமுத்து. உடுமலை தாண்டி, சின்னாறு தாண்டி மறையூர் வரும்போது, வழியில் ஒரு பஸ் பஞ்சராகி நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, கையில் பையோடு ஒரு பெண். நாச்சிமுத்து சீட்டில் குனிந்துகொண்டான்.

"பாவம், தனியா நிக்கறா" என்று காரை நிறுத்தினார் ராமபத்ரன். அன்றைக்குப் பார்த்து அவருக்கு இரக்கம் பொங்கிவிட்டது. "எங்கேம்மா போகணும்?"

"நீலப்பாறை எஸ்டேட்டுங்க" என்று கமலாத்தாள் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் ராமபத்ரனின் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். அப்புறம் முன் சீட்டைப் பார்த்து, "ஏனுங்ணா, ஜன்னலைக் கொஞ்சம் எறக்கி உடறீங்களா?" என்றாள்.

அண்ணனாம்! நாச்சிமுத்து ஜன்னலை இறக்கினான்.

"எஸ்டேட்டிலே யாராவது சொந்தமா?" என்று பேச்சுக் கொடுத்தார் ராமபத்ரன்.

"இல்லீங்க. தொழில் விசயமாப் போறனுங்க. நாந்தாங்க கமலா டேட்டா சர்வீசஸ்."

கார் ஒரு தரம் சாலையை விட்டு இறங்கி ஏறியது. ராமபத்ரன் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். அட்டையை எப்படி அடுக்குகிறீர்கள், தப்பு விழுந்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், எஸ்டேட்டில் ஒரு டிவிஷன் கணக்குக்கு எத்தனை நேரம் ஆகிறது? அவளும் பட்பட்டென்று பதில் சொன்னாள். ஒரே ஆள் அடித்த அட்டையைத் தானே சரிபார்த்தால் கண் ஏமாற்றிவிடும், அதனால் ஒரு கட்டு முடிந்ததும் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்து கடைசியிலிருந்து முதலுக்குப் படிப்பாளாம். நாச்சிமுத்துவுக்கே இது தெரியாது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டான். வெறும் கையெழுத்து என்று தான் சொன்னது அவனுக்கு ஞாபகம் வந்து காது சூடாயிற்று.

"பேஷ்! எங்க ஆபீசிலே இப்படி ஒருத்தன் இல்லையே!" என்றார் ராமபத்ரன். "புரோகிராம் யாரு எழுதறா?"

"ஒரு ஆளு வெச்சிருக்கனுங்க. கெட்டிக்காரருதான். மறதிதான் சாஸ்தி. கொஞ்சம் பயந்த சுபாவமுங்க."

"பயந்தவனை வெச்சுண்டு தொழில் பண்ண முடியாதும்மா."

"அதைத்தானுங்க நானும் ரோசனை பண்றேன். இந்தண்ணனுக்கு ஏனுங்க இப்படி வேர்த்து ஊத்துது? மலை ஒத்துக்கலீங்களா?"

எஸ்டேட்டில், காலையில் ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக்களத்தில் தோரணம் கட்டியிருந்தார்கள். கீழே நூற்றுக்கணக்கில் பெண்கள். மேடையில் துரை, பக்கத்தில் ஓனரம்மா கமலாத்தாள், விருந்தாளி என்று ராமபத்ரனுக்கும் நாச்சிமுத்துவுக்கும் நாற்காலி. நடு மேஜையில் எவர்சில்வர் குடம் பளபளத்தது. அதுதான் முதல் பரிசு. அதற்குப் பக்கத்தில் ஒப்பந்தக் காகிதம். நாச்சிமுத்து குடத்தைப் பார்ப்பதா காகிதத்தைப் பார்ப்பதா என்று தெரியாமல் தன் செருப்பைப் பார்த்தான்.

"முதல் பரிசு," என்று மைக்கில் குரலை உயர்த்தினார் பொன்ராஜ், "மயிலாத்தாள்!"

யாரும் எழவில்லை. எப்படி எழும்? அது கோபாலபுரத்தில் வைக்கோல் தின்றுகொண்டிருந்தது.

ராமபத்ரன் நாற்காலியில் நிமிர்ந்தார். "யாரு?" என்றார். கையை நீட்டி பொன்ராஜிடமிருந்து பட்டியலை வாங்கினார். கடைசி வரியைப் பார்த்தார். 9999. மயிலாத்தாள். 999. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு மெதுவாக, ரொம்ப மெதுவாக, நாச்சிமுத்துவின் பக்கம் திரும்பினார். நாச்சிமுத்துவுக்கு உடுமலைப்பேட்டை ரேடியோ கடை கண்ணுக்கு முன்னால் வந்தது.

கீழே ஒரு பெண் எழுந்து நின்றாள். குருவம்மாள். "ஏன்யா, எவ அவ? எந்த வரிசையில நின்னு கிள்ளுனா? நான் ஒருநாளும் அவ மூஞ்சியப் பாத்ததில்லையே! மழையில நனைஞ்சு அட்டக்கடி வாங்கிக் கிள்ளுனது நானு. அவளக் கூட்டியாங்க, நானும் அந்தக் கையக் கண்ணால பாக்குதேன்!"

"ஊருக்குப் போயிட்டா குருவம்மா. வேற யாராவது அவ சார்பா வாங்கிக்கிடலாம்..." என்று இழுத்தார் பொன்ராஜ்.

இதுதான் சமயம். இப்படியே விட்டால் ஒப்பந்தம் பிழைக்கும். நாச்சிமுத்து பெண்டாட்டியைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினான். கமலாத்தாள் அவனைப் பார்த்தாள், குருவம்மாளைப் பார்த்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து மைக்குக்கு வந்தாள்.

"எல்லாருத்துக்கும் வணக்கமுங்க. அப்படி ஒரு பொம்பளை இல்லீங்க. மயிலாத்தாங்கறது என்ற ஊட்டு மாடு. மிசின் சரியா ஓடுதான்னு பாக்கறக்கு அது பேருல ஒரு அட்டை போட்டிருந்தோம், எடுக்க மறந்துட்டோம். தப்பு எங்க கம்பெனியுளுது. குடம் குருவம்மாவுளுதுங்க."

முதலில் யாரோ ஒருத்தி களுக்கென்றாள். அப்புறம் மலையே சிரித்தது. பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து, தலைத்துணி அவிழ்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள். துரை கைக்குட்டையில் முகத்தை மூடிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. சிரிக்காதவர்கள் இரண்டே பேர், ராமபத்ரனும் நாச்சிமுத்துவும்.

குருவம்மாள் மேடையேறி வந்து குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "மாட்டுக்கிட்டதானே தோத்தேன், மனுசிகிட்டத் தோக்கலையே! அது போதும்" என்றாள். துரை அவளைப் பார்த்து, "இந்த மிஷின் கணக்கு வேணுமா, பழைய கிளார்க்கே போதுமா?" என்று கேட்டார். "மாட்டை மட்டும் வெளிய ஓட்டச் சொல்லுங்க துரை. மத்தபடி என் கிலோ எனக்கு ஒழுங்கா வந்துருச்சு. தப்புன்னா மேடையேறி ஒத்துக்கிட்ட கிளார்க்கு இதுவரைக்கும் யாரு இருந்தா?" என்றாள். துரை பேனாவை எடுத்துக் கமலாத்தாள் கையில் கொடுத்தார்.

இனி ராமபத்ரன் பாக்கி. கூட்டம் கலைந்ததும் காருக்குப் பக்கத்தில் வந்து பிடித்தார். முகம் சிவந்து கிடந்தது.

"ஊட்டுல ஒருத்தரா? ஏண்டா, ஊட்டுல ஒருத்தரா? பசுமாட்டை என் மில்லெல்லாம் மேயவிட்டிருக்கே! எங்கிட்டே சம்பளம் வாங்கிண்டு, ஆத்துக்காரி பேரிலே கடை போட்டு, எனக்கே துரோகமா?"

"நீங்க வேண்டாம்னு சொன்ன வேலைதானுங் சார்..." என்று இழுத்தான் நாச்சிமுத்து.

"ரூல் ரூலாக்கும்! சம்சாரம் பேரிலே பண்ணினா அது தொழில் இல்லையா?"

"ஆமாங்க, நீங்க சொல்றது சரிதானுங்க" என்றாள் கமலாத்தாள் சாவதானமாக. "பர்வதம்மா சொகமா இருக்காங்களா?"

ராமபத்ரன் நீட்டியிருந்த விரலை மடக்கிக்கொண்டார்.

"பர்வதம் டிரேடர்ஸுக்கு அட்டை வாங்கப் போயிருந்தனுங்க, கல்பாத்திக்கு. அம்மா காப்பி குடுத்து, ஊட்டுக்காரரு ராமபத்ரன் கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் ஆபீசு மேனேஜருன்னு சொன்னாங்க. சுவத்துல உங்க கல்யாணப் போட்டோ மாட்டியிருந்துதுங்க. கார்ல ஏறுனதுமே மூஞ்சி தெரிஞ்சு போச்சு. உங்க ஆபீசுக்கும் அங்கிருந்துதானே அட்டை வருதுங்க? நல்ல அட்டை."

நாச்சிமுத்து பெண்டாட்டியை வெறித்துப் பார்த்தான். அவள் இத்தனை நாள் தனியாகச் சிரித்தது இதற்குத்தான்!

ராமபத்ரன் காரின் மேல் கையை ஊன்றினார். கழுத்து வரைக்கும் வந்திருந்த கோபம் எங்கே போவதென்று தெரியாமல் தவித்தது. கடைசியில் அது மூக்கு வழியாக ஒரு சத்தமாக வெளியே வந்தது. சிரிப்பு! சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. "அசடு, நான் ஒரு அசடு" என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டார். "என் ஆத்துக்காரி உனக்கு அட்டை விக்கறா, உன் ஆத்துக்காரன் எனக்கு எழுதறான், நடுவிலே நான் ஒருத்தன் ரூல் பேசிண்டு திரியறேன்! செரி போ. நான் ஒண்ணும் பார்க்கலை. நாளைக்கு எப்பவும் போல ஆபீசுக்கு வந்துடுடா. இந்தத் தொழிலையும் கமுக்கமா நடத்திக்கோ."

நாச்சிமுத்துவுக்கு உயிர் திரும்பியது. வேலையும் இருக்கிறது, தொழிலும் இருக்கிறது! இதை விட என்ன வேண்டும்? காலில் விழாத குறையாகக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அது ஆகாதுங்க" என்றாள் கமலாத்தாள்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"பக்கத்து எஸ்டேட்டுக்காரங்களும் இப்பக் கேட்டுட்டுப் போறாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் வர்ற அரை ஆள வெச்சுட்டு என்னால முடியாதுங்க. அன்னைக்கு அட்டையை மறந்ததும் அதனாலதான், தலைக்குள்ள ஆபீசுப் பயம். எனக்கு முழு ஆள் வேணும்." பிறகு அவன் பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "எத்தனை நாளைக்குங் மாமா என்ற பேருக்குப் பின்னால ஒளிஞ்சுட்டு நிப்பீங்க? எனக்கு ஒளியறதுக்குப் புருசன் வேண்டாம். பக்கத்துல நிக்கத்தான் வேணும்."

நாச்சிமுத்து மலைச்சரிவைப் பார்த்தான். கீழே சரிவு முழுக்கப் பச்சையாகத் தேயிலை. குருவம்மாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரிடமோ வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்குத் தன் கிலோவைப் பற்றி ஒரு சந்தேகமும் இல்லை. இத்தனை நாளும் தான் பயந்தது ராமபத்ரனுக்கு இல்லை என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. தன் பேரைச் சொல்லித் தோற்றுப்போனால் என்ன செய்வது என்றுதான் பயந்திருக்கிறான். பெண்டாட்டி பேரில் தோற்றால் பரவாயில்லையாமா? வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்ததும், எங்கிருந்து என்றே தெரியவில்லை, ஒரு சந்தோஷமும் வந்தது.

"சார், நாளைக்கு வர்றனுங்க. ராஜினாமாவக் குடுக்க வர்றனுங்க" என்றான்.

"குடு, குடு" என்றார் ராமபத்ரன். "உன் சீட்டிலே உன்னை மாதிரி ஒருத்தன் கிடைக்கமாட்டானாக்கும். கிடைச்சாலும் மாடு வெச்சிருக்கானான்னு முதல்ல கேட்டுக்கறேன்."

திரும்பும்போது கமலாத்தாள் முன் சீட்டில் உட்கார்ந்து அட்டை விலையைப் பற்றி ராமபத்ரனோடு பேரம் பேசிக்கொண்டே வந்தாள். பின் சீட்டில் நாச்சிமுத்து ஜன்னலில் தலையை வைத்துக்கொண்டு, காரணமில்லாமல் சிரித்துச் சிரித்து வந்தான்.

ராஜினாமா கொடுத்துவிட்டு வந்த அன்றைக்குச் சாயங்காலம் கட்டுத்தரைப் பக்கம் மிஷின் தடதடத்தது. மயிலாத்தாள் ஆனந்தமாக அசை போட்டுக்கொண்டிருந்தது. கமலாத்தாள் ஒரு அட்டையை உருவி அவன் கையில் கொடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஓட்டைகளை அவனுக்குக் கண்ணாலேயே படிக்கத் தெரியும். கமலா டேட்டா சர்வீசஸ். ஆள் நம்பர் 0001. நாச்சிமுத்து. அளவு 000.

"சோதனை அட்டையா அம்மிணி?"

"இல்லீங் மாமா. நெசமான அட்டை. நம்ம கம்பெனியோட மொதல் ஆள்."

"எல்லாஞ் சரி. அளவுல ஏன் சைபர் போட்டிருக்க?"

"பின்னே?" என்றாள் கமலாத்தாள். "நீங்க இன்னும் கிள்ளவே ஆரம்பிக்கலீங்களே."